அப்பா ஸ்பீக்கரைக் கழற்றிய பாட்டு

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டாள், குழந்தை பகலெல்லாம் என்னிடம்தான், இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. நீ அனுப்பிய உங்கள் பாட்டுக்குழுவின் ஒலிப்பதிவை ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் வைத்துக் கேட்டோம். தெரியாத ஊரில் பெண் தனியாகக் கிடக்கிறாளே என்று அவர் படும் பாடு உனக்குத் தெரியாது, போனில் உன்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

வாத்தியமே இல்லை, கடவுளே இரங்கும் என்று ஒரே வரியை மெதுவாகத் திரும்பத் திரும்பப் பாடினீர்கள், திடீரென்று சத்தமே இல்லை. மெக்கானிக் சும்மா இருப்பாரா, ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குள் பாட்டு மறுபடி வந்தது. பாத்தியா, லூஸ் காண்டாக்ட் என்று ஸ்பீக்கரைக் கழற்றி வயரைப் பற்றவைத்தார். திரும்பப் போட்டால் அதே இடத்தில் நின்றது. அடுத்த ஸ்பீக்கரையும் கழற்றினார். அப்படியே பாட்டையும் கழட்டிடுங்க என்றேன். கடைசியில் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டவர் என்னையும் கூப்பிட்டார். அந்த மௌனத்துக்குள் நீங்கள் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுப்பது கேட்டது.

முதலில் எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். போகப் போக அந்த மௌனம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பி வந்தது அதே வரிதான், ஆனால் கேட்கிற என் மனசு இன்னும் கொஞ்சம் அடங்கியிருந்தது. உன் குரலைத் தேடித் தேடிப் பார்த்தேன், பெற்றவளுக்கே பிடிபடவில்லை, அழுதேவிட்டேன். அப்பாதான் சொன்னார், எதுக்குடி அழறே, அவ குரல் தனியாக் கேட்டாத்தான் நான் கவலைப்படணும் என்று. அப்புறம் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொண்டையைப் பார்த்துக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கூடப் பாடுகிறவர்களுக்கும் சேர்த்தே எங்கள் ஆசீர்வாதம். வரும் ஞாயிறு மறக்காமல் போன் செய், நான்தான் எடுப்பேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எடுத்ததும் அவருக்குப் பேச்சு வராது, நீ வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா