அம்மாவிடம் கேட்டு எழுதுக

போடி,
13.7.2024

அன்புத் தம்பி பால்பாண்டிக்கு,

அக்கா கற்பகம் எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே வேளாவேளைக்குத் தின்று, இடையிடையே சண்டை போட்டு, நன்றாக இருக்கிறோம். உன் ஏலக்காய் எஸ்டேட்டில் போனுக்கு டவர் கிடைக்காத புண்ணியத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவளைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். எழுத்தில் காலைக் காணோம், கொம்பைக் காணோம் என்றால் நீயே மாட்டிக்கொள்.

கார்முகில் மூன்றாம் வகுப்பில் கெட்டிதான். ஆனால் அவள் டீச்சர் வித்யா இருக்கிறதே, வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வீட்டுப்பாடமாம். பிள்ளை படிக்கிறதோ இல்லையோ, நான் படித்துவிடுவேன் போலிருக்கிறது. போன வாரம் வீட்டில் உள்ளவர்கள் பாதத்தைத் தாளில் வைத்து வரைய வேண்டும். என் பாதம் தாளுக்கு வெளியே போய்விட்டது. உன் மகள் இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டே, "அத்தே, யானைக்கே ஒரு தாளு போதும்"னாள். வாய் அப்படியே உன் வாய்.

இந்த வாரம்தான் மாட்டிக்கொண்டேன். 'அம்மா சின்ன வயதில் என்ன விளையாடினார்? அம்மாவிடம் கேட்டு எழுதுக' என்று போட்டிருக்கிறது. தாளை நாலாக மடித்து என் கையில் திணித்து, "ஜீப்பு முத்துப்பாண்டி அண்ணங்கிட்டக் குடுத்துவிடு. அம்மாவ வெரசா எழுதச் சொல்லு" என்கிறாள்.

தம்பி, மரம் விழுந்து சுசித்ரா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் பிள்ளையைக் கொண்டுவந்து அம்மா முகத்தைக் கடைசியாகக் காட்டக்கூட முடியவில்லை. "சொல்லிராதக்கா, மழை விடட்டும், நானே எறங்கி வந்து சொல்றேன்" என்றாய். அம்மாவுக்குக் காய் எடுப்பு, லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று நானும் தினம் ஒன்று சொல்கிறேன். கிட்டங்கி வேலையில் ஏலக்காய் பொறுக்கினது போய், இப்போது புளுகு பொறுக்குவதுதான் எனக்குப் பெரிய சோலி.

அந்தத் தாளில் இரண்டு வரி நீயே எழுதி அனுப்பு. இறங்கி வருகிற வழியையும் பார்.

அக்கா கற்பகம்

---

எஸ்டேட்,
17.7.2024

அக்காவுக்கு,

தாள் வந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

மயில்கொன்றை மொட்டின் தோலை உரித்து நகத்தில் ஒட்டிக்கொண்டு, பேய் மாதிரி துரத்துவாளாம். சின்ன வயதில் நம் ஊர் ராசிங்காபுரத்தில் கிணற்று மேட்டில் உன்னை அப்படித் துரத்தினாளாம். நீ பயந்து பாவாடையை நனைத்துவிட்டாயாம். அதைப் பிள்ளைக்கு எழுத வேண்டாம், மதினி கோபித்துக்கொள்ளும் என்றாள். அதனால் விளையாட்டை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மழை விடவில்லை. காய் வாட்டுகிற ஸ்டோரை விட்டு நகர முடியாது.

பால்பாண்டி

---

போடி,
20.7.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அக்காவைக் கேலி பண்ணும் அளவுக்குத் தேறிவிட்டானே என்று சந்தோஷம். அப்புறம் அடுப்பில் உலையை வைத்துவிட்டு நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

பாவாடை நனைந்த கதை எனக்கும் சுசித்ராவுக்கும் மட்டும்தான் தெரியும். என்னைவிட நாலு வயது சின்னவளுக்குப் பயந்தேன் என்றால் என் மானம் என்ன ஆவது? கிணற்றில் இறங்கி அலசிக் கட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அவளும் கடைசிவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொன்னாள் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. கண்ணை மூடித் தூங்குவேன்.

முத்துப்பாண்டி வேறு வந்து, உன் லயத்து வீட்டு வாசல் கொடியில் ஊதாச் சேலை ஒன்று ஈரத்தோடு தொங்குகிறது என்றான். "எந்தம்பி சேலை கட்டிப் பழகுறானோ என்னமோ"ன்னு சொல்லி நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

விளையாட்டுத் தாளுக்கு டீச்சர் நட்சத்திரம் போட்டு, வகுப்பில் எல்லோரையும் பேய் நகம் ஒட்டிப் பார்க்கச் சொன்னதாம். பிள்ளை அன்று பூராவும் அந்தக் கையோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். திரும்பும்போதெல்லாம் எனக்குக் கிணற்று மேடுதான் ஞாபகம். வெளியே காட்டிக்கொள்ளாமல், "நகத்த வெட்டிட்டு வாத்தா, சோறு போடுறேன்" என்றேன்.

இந்த வாரம், வீட்டில் கேட்கிற சத்தங்களை எழுத வேண்டும். மேலே கேட்கிற சத்தத்தையும் வாங்கி அனுப்பச் சொல்கிறாள். மழைச் சத்தம், குருவிச் சத்தம் என்று எழுதிப் போடு. வேறு எதையும் எழுதாதே.

அக்கா கற்பகம்

---

எஸ்டேட்,
24.7.2024

அக்காவுக்கு,

உயிரோடு இருந்தபோது சொல்லவில்லை. போன வாரம்தான் சொன்னாள்.

பிள்ளைக்குச் சத்தங்கள் எழுதி வைத்திருக்கிறேன். தகரத்தில் மழை. ஸ்டோரில் காற்றாடி. விறகு வெடிப்பது. அம்மா இருமுவது. அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் ஏறின அட்டைக்கு உப்பு வைக்கும்போது வளையல் ஆடுவது.

நான் குடிக்கவில்லை அக்கா. முத்துப்பாண்டியைக் கேட்டுப் பார். சாயங்காலம் காய்க்காட்டிலிருந்து எல்லோரும் இறங்கி வருவார்கள். கடைசி ஆளாக அவள் வருவாள். கூடையை இறக்கி வைப்பாள். கூடையில் ஒன்றும் இருக்காது. நானும் கேட்பதில்லை.

பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். தினமும் அதேதான். படிப்பு போனால் போகிறது. இங்கேயே இருக்கட்டும். ஜீப்பில் ஏற்றி விடு.

பால்பாண்டி

---

போடி,
5.8.2024

தம்பி பால்பாண்டிக்கு,

உன் கடிதத்துக்குப் பத்து நாளாகப் பதில் போடவில்லை. கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வாயாடி கற்பகத்துக்கே வார்த்தை வரவில்லை என்றால் கிட்டங்கியில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிள்ளையை ஏற்றி விடச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சத்தத் தாளை மட்டும் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மாவுக்குச் சளியா அத்தே? தொளசி குடுத்துவிடுவமா?" என்றாள். கொல்லையில் பறித்து ஒரு பொட்டலமும் கட்டினாள். அதை முத்துப்பாண்டியிடம் கொடுக்க என் கை வரவில்லை.

நேற்று ஆடி அமாவாசை. இந்த வார வீட்டுப்பாடம், பெரியவர்களோடு உட்கார்ந்து வீட்டுக்கு வரும் பறவைகளைப் பார்த்து எழுதுவது. "எனக்கு அடுப்புல சோலி கெடக்கு, நீயே பாருத்தா" என்று விரட்டிவிட்டேன். தெருவில் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பென்சிலோடு பதுங்கி இருந்திருக்கிறாள், பறவை பயந்துவிடக் கூடாது என்று.

நான் இலையில் சோறும் வடையும் வைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். காகம் வரவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "ஏத்தா சுசித்ரா, என்னா கோவம்? ஒனக்குப் புடிச்ச பருப்பு வடதான். உப்புக் கம்மின்னு நொட்டம் சொல்லாம வந்து தின்னுட்டுப் போ" என்று உயிரோடு இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

காகம் வந்தது. தொட்டிக்குப் பின்னால் இருந்து உன் மகளும் வந்தாள்.

"அத்தே, அது எங்கம்மா பேரு."

நான் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேலாகப் புளுகு பொறுக்கின வாய்க்கு அந்த நேரம் ஒன்றும் அகப்படவில்லை.

"செத்தவுகளத்தான அப்பிடிக் கூப்புடுவாக. எங்கூடப் படிக்கிற சுகன்யா அவுக தாத்தாவக் கூப்புட்டா."

"ஆமாத்தா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மரம் விழுந்ததை அப்புறம் மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன். காகம் அது பாட்டுக்கு வடையைத் தின்றுகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அம்மா இருமுறான்னு அப்பா எழுதிருக்காரே அத்தே. அப்பாவுக்கு யாருமே சொல்லலையா?"

நீதான் உன் கையால் அவளைப் புதைத்தாய் என்று இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்லுவேன்?

"பாவம் அத்தே. நாம போயிச் சொல்லுவோம். நானே சொல்றேன்" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முத்துப்பாண்டி ஜீப்பில் நாங்கள் வருகிறோம். பிள்ளையை அங்கே விட்டு வருவதற்கு இல்லை, உன்னைக் கூட்டிவரத்தான். மழை, ஸ்டோர் என்று இனி எதுவும் சொல்லாதே. எஸ்டேட் கணக்கப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்த ஆளை வாயால் கவிழ்ப்பது எனக்குப் பெரிய காரியமா?

சுசித்ராவுக்கும் ஒரு சொல் சொல்லிவிடு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடு. பிள்ளைக்கு நான் இருக்கிறேன். தலை வாரி விடுகிறேன், திட்டுகிறேன், வெள்ளிக்கிழமைத் தாளை நானே செய்கிறேன். அவள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

நாங்கள் வந்து கூப்பிட்டதும், நீ மட்டும் வெளியே வா தம்பி.

அக்கா கற்பகம்