முதலாளி போர்த்தியிருந்த கம்பளி

அன்புள்ள அம்மாவுக்கு,

உவிலி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் கால்வீக்கம் வடிந்ததா?

இங்கே பேரித் தோட்டத்தில் நேற்று ஒரு வேடிக்கை. எங்கள் முதலாளி கிரெய்க் லாபத்தில் பாதியைத் தர்மத்துக்குக் கொடுப்பவர். போன மாதம் கொளுத்தும் வெயிலிலும் பேரிக்காய் பறிக்கச் சொல்லி நம் செமிசியைச் சாகவிட்டவரும் அவர்தான். விடிந்ததும் பார்த்தால், எங்கள் கொட்டகை வாசலில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். நம் சமோவாவில் உயிர்ப்பழிக்கு ஆளானவன் மன்னிப்புக் கேட்டுச் செத்தவன் வீட்டு வாசலில் பாய் போர்த்தி உட்காருவானே, அப்படியே! எங்களில் மூத்தவரான லோமி மாமா ஓடிப்போய்க் கம்பளியை விலக்கி, "எந்திரிங்கய்யா, மன்னிச்சிட்டோம்" என்று கட்டிக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம்.

முதலாளி திருதிருவென்று விழித்தார். "என்னப்பா ஆச்சு? போட்டோ எடுக்கிறவர் வரணும், அதுவரைக்கும் குளிருதேன்னு கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்க ஊர்ல செமிசி பேர்ல பள்ளிக்கூடம் கட்டித் தர்றேன்ல? அதுக்குத்தான் போட்டோ."

அழுத முகங்களோடே படம் எடுத்தார்கள். அது ஊருக்கு வந்தால் செமிசியின் மனைவி மலியாவுக்குக் காட்டாதீர்கள்.

கொக்கோ கொஞ்சம் அனுப்புங்கள். ஒரு பாயும் வேண்டும், செமிசியின் காலிக் கட்டிலை மூடிவைக்க. "நான் செத்ததுக்கு அவர் கேக்காத மன்னிப்பை நீங்க ஏண்டா கொடுத்தீங்க?" என்று அங்கிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. போதகரிடம் விசாரித்து எழுதுங்கள் அம்மா: கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கலாமா?

உங்கள் மகன்,
உவிலி