ஒன்பதாம் வகுப்பில் குரைப்புச் சத்தம்

அன்பு மகள் ஷெரினுக்கு, தேவாரத்திலிருந்து உன் சித்தப்பா மரிய ஜோசப் எழுதுவது. மாதா காவலில் எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. அயர்லாந்துக் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும். உன் அம்மா போனில் அழுதுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்களாமே, அதனால் நானே எழுதுகிறேன்.

உன் தம்பி ஜஸ்டின்தான் விஷயம். நம் வீட்டுக் கோம்பை நாய் இருக்கிறதே, போன மாசம் தனியாக நின்று ஒற்றை யானையையே மலைக்குத் திருப்பி அனுப்பியதே, அதன் படத்தில் கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தியின் முகத்தை ஒட்டி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அந்தப் பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்தாலே பயல்கள் குரைத்திருக்கிறார்கள். அவள் பள்ளிக்கூடம் வருவதையே நிறுத்திவிட்டாள். யாரென்று கேட்காதே, பேரை வெளியே சொல்லக் கூடாதாம். சந்தைக்கு வருகிற மாட்டுக்கெல்லாம் பேர் தெரிந்தவன் நான், இந்த ஒரு பேரை வாய்க்குள் வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன்.

தலைமை ஆசிரியை ஜெபஷீலா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். என் வாடகை ஜீப்பில் ஏறாத வக்கீல் இந்தப் பக்கம் உண்டா, சட்டம் பாதி எனக்கு அத்துப்படி, இருந்தாலும் அவர் சொல்லச் சொல்ல நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். பள்ளிக் குழு விசாரிக்குமாம், சைபர் கிரைம் போலீஸ் வரைக்கும் போகலாமாம், படத்தைப் போட்டவன் மட்டுமில்லை, அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டவனும் பதில் சொல்ல வேண்டுமாம். நான் விடுவேனா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மைக் வைத்து ஊரறிய மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று பங்குச் சாமியிடமும் பேசி முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையோ, மைக்கெல்லாம் வேணாம் டீச்சர், ஊரே திரும்பி என்னையத்தான் பாப்பாக, படத்தை எங்கன போட்டானோ அங்கனயே அவன் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பங்குச் சாமியிடம் போய் மைக் வேண்டாமென்று நானே சொல்லிவிட்டு வந்தேன், நீ நம்ப மாட்டாய்.

ஜஸ்டின் குரூப்பில் தன் குரலிலேயே தப்பை ஒத்துக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தால், இப்போது பயல்கள் அவனைப் பார்த்துக் குரைக்கிறார்கள். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். டீச்சர் வாசலிலேயே மறித்து, அந்தப் பிள்ளையக் காப்பாத்துற விதி உங்க பையனுக்கும் உண்டு, புகார் எழுதிக் குடுங்க, சண்டைக்கு வராதீக என்றார். சரி எழுதுலே என்று ஜஸ்டினிடம் சொன்னால் இவன், அவ வந்து அவ இடத்துல உக்காரட்டும் சித்தப்பா, அதுவரைக்கும் என்னையப் பாத்துக் குரைக்கட்டும் என்கிறான். பெருமைப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறான். நான் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடக்கிறேன். அந்தப் பிள்ளை இன்றைக்கும் வரவில்லை.

நீ சொன்னால் கேட்பான். திட்டாதே. இவன் பட்டுவிட்டால் அவள் பட்டது கழிந்துவிடாது, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் குரைப்பு நிற்க வேண்டும், அதற்காகவாவது புகார் எழுது என்று சொல். டூட்டி முடிந்ததும் மறக்காமல் கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன் கூடவே நடந்து வரட்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும் சித்தப்பா,
மரிய ஜோசப், தேவாரம்