மூன்று ராஜாக்களும் ஒரு செட்டியாரும்

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் உமி வாசனைதான் முதலில் வந்தது. பிறகு பாச்சை உருண்டை. அதற்கும் அடியில் நீ கிழித்து மடித்து வைத்த பழைய சேலைத் துணி. நீ இல்லாமல் வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உமிக்குள் கையை விட்டுத் துழாவினேன். முட்டை ஓட்டின் கனம்கூட இல்லாத கண்ணாடி உருண்டைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. தரங்கம்பாடியில் யாரோ பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், களை பறித்த கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய். ஜிகினா உதிர்ந்த சரம், நாக்கு இல்லாத பித்தளை மணி, துருப்பிடித்த தகர நட்சத்திரம்.

"கடையிலதான் புதுசு தொங்குதே" என்பேன்.

"புதுச யாரு வேணா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இத யாருங்க கூப்புடுவா?" என்பாய்.

குடில் பொம்மைகளும் அப்படி வந்தவைதான். துடைத்து எடுத்து வைத்தால் மூன்று ராஜாக்களில் ஒருவரைக் காணோம். முகம் வாடியே கிடந்தாய். அப்போதுதான் குடவாசலில், பழைய சாமான் வண்டியில் அவரைப் பார்த்தேன். தலைப்பாகை, காதில் கடுக்கன், நல்ல தொந்தி. ராஜா இல்லாமல் வேறு யார்? துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

பிரித்ததும் நீ சிரித்த சிரிப்பில் வாசலில் மேய்ந்த கோழிகள் கலைந்து ஓடின.

"ஏங்க, இது கொலுச் செட்டியாருங்க! மளிகைக் கடை போட்டு உக்காந்திருப்பாரு. எங்க வீட்டுலயும் இருந்தாரு."

எனக்கு என்ன தெரியும்? கொலு வைத்த வீட்டுக்குள் நான் எப்போது போனேன்? சிரித்து முடித்தபோது உன் கண் கலங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு சபையில் சேர்ந்த பிறகு உன் வீட்டுக் கதவு உனக்குத் திறக்கவே இல்லை. பெரியவன் பிறந்தபோதும் அங்கிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நீ விடவில்லை. மாதா பக்கத்தில் செட்டியாரை உட்கார வைத்து, முன்னால் கொஞ்சம் அரிசி, பருப்பு, ஒரு துண்டு வெல்லம் வைத்தாய். குடில் பார்க்க வந்த போதகர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, ராஜா கடை போட்டிருக்காரு?"

"பொன்னு வந்துடுச்சு, சாம்பிராணி வந்துடுச்சு. பிள்ள பெத்தவளுக்குக் கஞ்சி வைக்க அரிசி யாருங்கையா கொண்டாறது? அந்தப் பொண்ணுக்கு அம்மா வீட்டுலேருந்து ஒருத்தரும் வரல பாருங்க."

போதகர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அரிசியும் பருப்பும் எடுத்து வருவது என் வேலையானது. வெல்லத்தை மட்டும் மறந்துவிடுவேன். "வெல்லம் எங்க?" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாய்.

இந்த வருஷம் பெரியவன் சென்னையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். எங்கெங்கோ தேடி, அதே அச்சில் வார்த்த மூன்றாவது ராஜாவைப் பிடித்திருக்கிறான்.

"அம்மாவோட செட்டு முழுசாயிடுச்சுப்பா" என்றான்.

ஆசையாகத் தேடியவனை என்ன சொல்வது? ராஜாக்களை வரிசையாக நிறுத்தினான். செட்டியாரை உமிக்குள் திரும்ப வைக்கப் போனான். அவன் பிறந்த கதையை நீ அவனிடம் சொன்னதே இல்லை. அவன் கையிலிருந்து வாங்கி, மாதா பக்கத்தில் வைத்தேன்.

"என்னப்பா, நாலு ராஜாவா?"

"ராஜா மூணு பேருதாண்டா. இவரு பொண்ணோட அம்மா வீட்டு ஆளு."

விளங்காமல் பார்த்தான். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து அடுக்களைக்குப் போனான். ஒரு கையில் அரிசி, ஒரு கையில் பருப்போடு வந்து நின்றான்.

"வெல்லம் எங்க?" என்றேன்.

அப்படியே உன் குரல் மாதிரி இருந்தது என்கிறாள் மருமகள், இதை எழுதிக்கொண்டே.