தெற்குப் பக்கத்து ஜன்னல்கள்

ஜூன் 4

"முப்பத்தோரு வருஷம் எங்க தாத்தா கட்டின பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினீங்களே டீச்சர், அந்தக் கட்டடத்தப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?"

கட்டடக் கம்பெனியின் இன்றைய முதலாளி போன வாரம் இப்படிக் கேட்டார். எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த வெட்கத்திலேயே கம்பெனியின் நூற்றாண்டு மலரை எழுத ஒப்புக்கொண்டுவிட்டேன். நூற்றாண்டையொட்டிப் பள்ளிக்குப் புதிதாக எட்டு வகுப்பறைகளும் கட்டித் தருகிறார்களாம், பழைய பாணியிலேயே.

இன்று பழைய காகிதங்கள் இரண்டு பெட்டி வந்து இறங்கின. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கணக்கு டீச்சருக்கு எதுக்குடி வரலாறு? கரப்பான் பூச்சிக்கு டியூஷன் எடுக்கப் போறியா?"

ஜூன் 11

1909இல் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இருவர். மைத்துனர் வரைவார், அத்தான் கட்டுவார். அத்தானின் பேரன்தான் இப்போதைய முதலாளி.

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே அறை, எதிரெதிர் மேசை. எல்லாம் குமாஸ்தா வழியாகச் சீட்டுதான். 'மழை அடிக்கிறது, ஜன்னலைச் சாத்தும்படி அத்தானிடம் சொல்லவும்.' சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதற்காகச் சண்டை?

ஜூன் 12

தும்மல். வேலை ஓடவில்லை.

ஜூன் 19

காரணம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

எங்கள் பள்ளியின் வரைபடம் மெல்லிய துணியில் வரையப்பட்டது. கோடு இரண்டு பக்கமும் தெரியும். பெயர், திசை எதுவும் எழுதுமுன் அவசரமாக நகலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நகலெடுத்தவர் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டார். கண்ணாடித் தாளில் வலது கையை வரைந்து பின்பக்கமாகப் பார்த்தால் இடது கையாகிவிடும் அல்லவா, அப்படி. வாசல் கிழக்கே அப்படியே இருக்க, வடக்கே வர வேண்டிய பெரிய ஜன்னல்கள் தெற்கே போயின. வெயிலைத் தடுக்க வேண்டிய தாழ்வாரம் வடக்கே போயிற்று.

சுவர் எழுப்பி ஜன்னல் வைத்த பிறகுதான் மைத்துனர் பார்த்திருக்கிறார். அவருடைய முதல் சீட்டு: 'வெயிலில் பிள்ளைகளுக்குப் பலகை தெரியாது. இடிக்கவும்.' அத்தானின் பதில்: 'பார்வைக்கு அழகாக இருக்கிறது. இருக்கட்டும்.'

அழகாகத்தான் இருந்தது. பார்த்தவர்கள் அதையே கேட்டார்கள். அதே மாதிரி இன்னும் நான்கு பள்ளிகள். கம்பெனியின் தனிப் பாணி என்று போன வாரம் நான் மூன்று பக்கம் புகழ்ந்தது இதைத்தான்.

ஜூன் 20

காலை பத்து மணிக்கு வெயில் நேரே பலகையில் விழும். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. கடைசி வரிசைக்கு?

குண்டூசி என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தி. பலகையில் இருக்கும் 8ஐ 3 என்று எழுதுவாள். "கண்ணு எங்கடி மேயுது?" — நான்தான் கேட்டேன். வாரக்கணக்கில் நிற்க வைத்தேன். "வெயில் அடிக்குது டீச்சர்"னு சொன்னாளே. சாக்கு சொல்றாள்னு நெனச்சேன். நெஜமாவே வெயில்தான் அடிச்சிருக்கு. எட்டாவதோட படிப்ப நிறுத்திட்டா. இப்ப எங்க இருக்காளோ.

வரிசைக்கு ஆறு பேர், ஐந்து பள்ளி, நூறு வருஷம்... பெருக்க மனம் வரவில்லை.

ஜூன் 23

புதுக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன்.

"சார், ஜன்னல் வடக்க வரணும்."

"இப்ப வந்து சொல்றீங்களேம்மா! தூணெல்லாம் எழுப்பியாச்சு," என்றார் இன்ஜினியர்.

பேரன் சிரித்தார். "அந்த ஜன்னல்தான் டீச்சர் எங்க அடையாளமே. வெயில் வந்தா ஸ்கிரீன் போட்டுக்கலாம்."

வரைபடத்தை விரித்து, வடக்கே வர வேண்டிய ஜன்னல்களைத் தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சின்னத் தாத்தா கையில என்ன நேர்த்தி! மலருக்கு இதையே அட்டையா போட்டுடலாம்."

ஜூலை 2

கல்வி அதிகாரிக்கு நான்கு பக்கக் கடிதம், படத்தோடு.

ஜூலை 30

பதில்: 'தங்கள் ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது.' அக்கா இரண்டு தரம் படித்தாள். "பத்திரமா எடுத்து வை. வேற எதுவும் வராது."

ஆகஸ்ட் 17

ஜன்னல் சட்டம் பொருத்திவிட்டார்கள். தெற்கே.

நவம்பர் 8

இன்று மலர் வெளியீடும் புதுக் கட்டடத் திறப்பும். சீட்டுகளைப் பற்றிய அத்தியாயம் மலரில் இல்லை. "பக்கம் போதல டீச்சர்." அட்டையில் அந்த வரைபடம் பளபளக்கிறது. யாரும் அதைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த அறைகளில் நாளை வகுப்புத் தொடங்கப் போகும் கணக்கு டீச்சர் மலரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதவில்லை. இதை எழுதிக் கொடுத்தேன்:

காலை பத்து மணிக்குக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, பலகையில் நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.