என் தலையும் அம்மாவின் வேண்டுதலும்

28-1-1968, ஞாயிறு

இன்று காலையிலிருந்து காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. காரணம் இல்லாமல் என்ன, இருக்கிறது. ஐயர் இல்லாத கல்யாணமும் இனிச் செல்லும் என்று சட்டமே வந்துவிட்டது. மார்ச் பத்தாம் தேதி எனக்கும் ஆதிலட்சுமிக்கும் கல்யாணம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் "நம்பர் சொல்லுங்க" என்று ஊரையே கேட்கும் அந்தக் குரல் இனி என் வீட்டில் "சோறு வடிச்சாச்சா?" என்று கேட்கும். வடிப்பது நான் என்று ஒப்பந்தம்.

நாத்திகப் பெண்ணுக்கு ஆதிலட்சுமி என்று பெயர். மாற்றிக்கொள்ளேன் என்றால், "பேர் வெச்சது எங்க அப்பா. அதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்?" என்கிறாள்.

மத்தியானம் அம்மா மெதுவாக ஒரு குண்டைப் போட்டாள். போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் மொட்டை போட வேண்டுமாம். என் கிராப்பை! செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் இப்படி ஒரு சுருட்டை முடி வேறு எந்த வாத்தியாருக்கு இருக்கிறது? முடியாது என்று சொல்லிவிட்டேன். கொள்கைக்காகத்தான். பாதி கிராப்புக்காகவும்.

31-1-68, புதன்

அம்மா விடுவதாக இல்லை. சாம்பாரைத் துழாவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"முடி எறக்குறேன்னு ஆத்தாளுக்கு வாக்கு குடுத்துட்டேன்டா."

எனக்குள் இருக்கும் தமிழ் வாத்தியார் துள்ளி எழுந்துவிட்டான். "என்ன சொன்ன? எறக்குறேன்னா? அப்ப அது தன்மை ஒருமை வினைமுற்று. எழுவாய், 'நான்'. சொன்னது யாரு? நீ. அப்ப மொட்டை உனக்குத்தான்மா, எனக்கில்ல!"

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "அப்டியா சொல்லுது எலக்கணம்?" என்று கேட்டாள்.

"ஆமாம், ரெண்டாயிரம் வருஷமா."

"சரி" என்று சாம்பாரை இறக்கி வைத்தாள். அப்பாடா, தலை தப்பியது.

4-2-68, ஞாயிறு

நானும் ஆதிலட்சுமியும் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். காவலுக்கு அவள் தங்கை. பட்டாணி தின்பதில் அவள் காட்டிய அக்கறையைக் காவலில் காட்டவில்லை. நல்ல பிள்ளை.

கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து கல்யாண நேரம் குறித்தோம். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஞாயிறு சாயங்காலம் நாலரை. சரியான ராகு காலம். ஊரே வாயைப் பிளக்கும்" என்றேன்.

ஆதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ராகு காலம் எப்பன்னு பாத்துதானே குறிச்சீங்க? அப்ப நீங்களும் பஞ்சாங்கம் பாத்தவர்தான்."

அவளே தொடர்ந்தாள்.

"அனந்தபுரத்துலேருந்து காலைல பஸ் எப்ப வருது? தொண்டூர் சனங்க சாப்பிட்டுட்டு வெளிச்சத்துலயே ஊரு போய்ச் சேரணும். அதப் பாத்து நேரம் வையுங்க. வர்றவங்களுக்கு நாமதான பொறுப்பு?"

பத்தரை மணி என்று முடிவானது. பஸ் அட்டவணைப்படி நடக்கும் கல்யாணம்! இறங்கி வரும்போது படியில் தடுக்கி விழப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

11-2-68

பகுத்தறிவு மன்றத்தில் பேசினேன். "நாத்திகனுக்குத் தலையெழுத்து கிடையாது, கையெழுத்துதான் உண்டு. செய்ததற்கு அவனே கீழே கையெழுத்துப் போட வேண்டும்." நல்ல கைதட்டல். ஆதியின் தங்கைதான் அதிகம் தட்டினாள்.

28-2-68, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். வாசலில் யாரோ மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். "யாருங்க?" என்று கேட்டேன்.

"நான்தான்டா" என்றாள் அம்மா.

இன்று அமாவாசை. விடியற்காலை பக்கத்து வீட்டுப் பெண்களோடு மலையனூர் பஸ் ஏறியவள், சும்மா கும்பிட்டுவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து முடிந்து வைப்பாளே அந்த முடி.

"ஏம்மா? ஏம்மா இப்படிப் பண்ண?"

"நீதானடா சொன்ன, சொன்னவங்கதான் செய்யணும்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீ சொன்னது ஞாயந்தான். வேண்டிக்கினது நானு. கெடச்சதும் எனக்கு. அப்புறம் உன் தலைய எதுக்கு நா அடமானம் வெக்கணும்?"

கோபமே இல்லை அவளிடம். முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. நைனா வேறு, "பொறந்த புள்ள கணக்கா இருக்கா பாரு" என்று சிரிக்கிறார்.

நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன்... வெறும் விளையாட்டுக்கு. அதைப் போய் — ஐயோ, இவ ஏன் என் பேச்சை இவ்வளவு நெஜமா எடுத்துக்கணும்?

29-2-68

தாங்கவில்லை. காலையில் முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்து, "மொட்டை அடிங்க" என்றேன். கடைக்காரர் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டார். அதற்குள் எப்படித்தான் செய்தி போனதோ, அம்மா வந்து நின்றாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியோடு என்னை எழுப்பிவிட்டாள்.

"ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு மொட்டையா? ஆத்தாளுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சாமிக்கு இல்லம்மா, உனக்காக."

"நம்பிக்க இல்லாம போட்டா அது பேனுக்குப் போட்ட மொட்ட. எழுந்து வாடா!"

கடையே சிரித்தது. ஈரத் தலையோடு பஜாரில் அவள் பின்னால் நடந்தேன். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் மனசு இறங்கவில்லை.

2-3-68, சனி

மாமனார் கோவிந்தசாமி வந்தார். பஜாரில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். குரலும் அப்படித்தான், கணீரென்று இருக்கும். இன்று மட்டும் மெல்லப் பேசினார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. வேற சாதின்னீங்க, ஒத்துக்கினேன். ஐயரு வேணாம்னீங்க, அதுக்கும் ஒத்துக்கினேன். புருஷன் இருக்கிற பொம்பள மொட்டத் தலையோட முன்வரிசைல உக்காந்தா எங்க சனங்க இன்னா பேசுவாங்க? அன்னிக்கு உள்ள ரூம்ல இருக்கட்டும். இல்லன்னா முடி வளர்ற வரைக்கும் தள்ளிப் போடுவோம்."

தள்ளிப் போடுவதா? முடி வளர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அவர் சனங்கள் அவர் மனசைக் கலைத்துவிடுவார்கள். வேறு சாதிக் கல்யாணம் ஒருமுறை தள்ளிப்போனால் போனதுதான்.

உள்ளேயிருந்து அம்மா, "நா வரலண்ணே. வீட்டுல இருந்து பாயசத்தப் பாத்துக்குறேன். நீங்க ஜாம் ஜாம்னு நடத்துங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னவள் கை மட்டும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

3-3-68, ஞாயிறு

ஆதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இலக்கண ஜோக்கு உட்பட. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கடவுள் இல்லன்னு சொல்றோம்ல? அப்ப நம்மள மன்னிக்கிறதுக்கும் மேல யாரும் இல்ல. அவங்களுக்குச் செஞ்சத அவங்ககிட்டதான் கேக்கணும். கையெழுத்து கையெழுத்துன்னு மைக்ல பேசினீங்களே, போடுங்க."

"மன்னிப்புக் கேட்கிறேன். ஆனா உங்கப்பா? அம்மா முன்வரிசைல உட்காரக் கூடாதுங்கிறாரே."

அவள் கண் மின்னியது. அந்த மின்னல் வந்தால் எனக்குப் பயம். "உக்கார வேணாம். மேடைல நிக்கட்டும். தலைமை தாங்கட்டும்."

தலைமைக்குத் திண்டிவனம் வக்கீல் ஒருவரை ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தோமே? "அவர் வாழ்த்துரை சொல்லட்டும்" என்றாள். இவளை எனக்குக் கொடுத்தது யார் என்று ஆத்திகன் கேட்பான். இவளே வந்தாள், நானே சரி என்றேன். அதில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நான் கேலி பண்ணது தப்பு. மன்னிச்சிக்கோ" என்றேன். "எந்தக் கேலி?" என்றாள். அவளுக்கு அது கேலியாகவே படவில்லை! தலைமை விஷயத்தைச் சொன்னதும்தான் அலறினாள்.

"சாமியில்லாத கல்யாணத்துல எனக்கு இன்னாடா வேல?"

நைனா, "போடி, மகன் கூப்புடுறான்" என்றார். கடைசியில் அம்மா, "துண்ணூறு வெச்சிக்கினுதான் வருவேன்" என்றாள்.

"வெச்சிக்கோ."

"குங்குமமும்."

"அதுவும்."

6-3-68

மாமனார் சம்மதம்! ஆதி கேட்டாளாம்: "மலையனூர் போய் மொட்ட போட்டுக்கினு வர்ற பொம்பளைங்க நம்ம கடைல கொடம் வாங்கினா மட்டும் லட்சணமா இருக்குதா?" இரண்டு நாள் முரண்டு பிடித்தவர், மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் இறங்கி வந்தாராம். வக்கீல்தான் கொஞ்சம் முறைத்துக்கொண்டார். "பக்தை தலைமையில் நாத்திகக் கல்யாணமா?" விருந்து உண்டு என்றேன். வருகிறார்.

10-3-68, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நைனாவின் சிநேகிதருடைய மல்லாட்டை மண்டியில்தான் கல்யாணம். வேர்க்கடலை மூட்டைகளை ஓரம் கட்டியும் வாசனை போகவில்லை. அனந்தபுரம் பஸ் தாமதம். காத்திருந்தோம். ராகுவுக்குக் காத்திருக்காதவர்கள் டிரைவருக்குக் காத்திருந்தோம்.

அம்மா மேடை ஏறினாள். முந்தானை தலையில் இல்லை. மாமனார் பக்கத்துச் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கை எட்டத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள்.

"எனக்குப் பேச வராது. சோறு ஆறிடும். இதுங்க ரெண்டும் சாமி இல்லன்னுதுங்க. இருந்துட்டுப் போவட்டும். ஆனா நாளைக்கு இவன் சொன்னபடி நடக்கலன்னா, இவ நடக்கலன்னா, கேக்க சாமி வராது. அதுக்குத்தான் நா நிக்கிறேன்." எங்கள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேரும் என் தலையப் பாத்துச் சொல்லுங்க."

ஒரு பக்க உறுதிமொழி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எதுகை மோனை எல்லாம் உண்டு. அந்தத் தலையைப் பார்த்தேன். "இவளப் பாத்துக்குவேன்மா" என்றேன். கொச்சையில், தமிழ் வாத்தியார், ஊர் முன்னால்.

"நானும்" என்றாள் ஆதி.

அம்மா மாலையை எடுத்துக் கொடுத்தாள். முதலில் கை தட்டியவர் மாமனார். தட்டிக்கொண்டே கண்ணைத் துடைக்க முடியாமல் திண்டாடினார்.

21-4-68, ஞாயிறு

தொண்டூரிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். பெண்ணுக்குச் சுயமரியாதைக் கல்யாணமாம், தலைமைக்கு ஆள் வேண்டுமாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, என்ன பேசலாம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபடி வெளியே வந்தேன்.

"அம்மா இல்லீங்களா, சார்?" என்றார்கள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முடி எள்ளு முளைத்த அளவுக்கு வந்திருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வர்றேன். அமாவாச மட்டும் வெக்காதீங்க. அன்னிக்கு நா மலையனூர் போவணும்."

ஆதி உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.