போனில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள அக்கா,

இன்று காலை மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். கதவு திறந்ததுமே அந்த வாசனை வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளை எழுத்தில் பெயர், உள்ளேயிருந்து கசியும் அந்துருண்டை நெடி. ராணுவக்காரர்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இல்லாமல் இருக்காது. சிட்லபாக்கத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியின் மேல் பூப்போட்ட துணியை விரித்து டிவியை வைத்திருந்தீர்கள். அந்த வீட்டுப் பெண் தண்ணீர் எடுத்து வர உள்ளே போன நேரத்தில் நான் மனசுக்குள் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

ராணுவக் குடும்பங்கள் மனதளவில் எப்படி இருக்கின்றன என்ற ஆய்வுக்காகத்தான் பேராசிரியர் நம் இருவரையும் சேர்த்து அனுப்பினார். நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். நீங்களும் அதே படிப்பு படித்தவர்தான். ஆனால் உங்கள் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், வடக்கே எல்லையில் இருந்தார். உங்கள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் லாரிகளுக்கு நடுவே தாம்பரத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் எத்தனை முறை போயிருப்பேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வீர்கள். லீவில் வந்தால் முதல் இரண்டு நாள் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாராம்.

கீழ்க்கட்டளையில் செல்வியைச் சந்தித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கணவன் பனிமலையில், இவள் மாமியாரோடு. எதைக் கேட்டாலும் ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தேன். நீங்கள்தான் ரெக்கார்டரை அணைத்துப் பையில் போட்டீர்கள். மாமியார் கடைக்குப் போகும்வரை சும்மா ஊர்க்கதை பேசினீர்கள். அப்புறம் கேட்டீர்கள்.

"அவர்கிட்ட போன்ல எதைச் சொல்ல மாட்டே, செல்வி?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நீங்கள் காத்திருந்தீர்கள். பிறகு, தூங்கி ரொம்ப நாளாகிறது என்றாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதாகச் சொன்னாள். சில நாள் காலையில் எழும்போது, ஏன் எழுந்தோம் என்று இருக்கிறதாம். அவரோ துப்பாக்கியோடு நிற்கிறவர், அவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றாள்.

"சொல்லாம இருந்தா அவருக்கு நிம்மதின்னு நாம நினைச்சுக்கறோம்," என்றீர்கள். "ஆனா அப்புறம் அவர் லீவுல வரும்போது, அவருக்குத் தெரியாத வீட்டுக்குல்ல வர்றார்."

மறுநாளே அவளை டாக்டரிடம் நீங்கள் கூட்டிப்போனீர்கள். அதற்குப் பிறகும் அவள் தனியாகப் போகத் துணியும்வரை கூடவே போனீர்கள். இப்படி நடுவில் புகுந்தால் இந்த வீட்டை ஆய்வில் சேர்க்க முடியாதே என்று பேராசிரியர் வருத்தப்பட்டார். சேர்க்க வேண்டாம் சார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். செல்வி கணவனிடம் பேசினாள். மெல்ல மெல்லத் தேறினாள்.

அந்தக் கோடையில் நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள். வெயிலில் அலைகிறோம் இல்லையா என்றீர்கள். நானும் நம்பினேன். ஒருநாள் செல்வி பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவள், புற்றுநோய்ப் பிரிவு வாசலில் நீங்கள் ஒற்றையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே இருவரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் மறுக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தீர்கள். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். டிசம்பரில் லீவு வரும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றீர்கள். எத்தனை வீடுகளில் இதே பதிலைக் கேட்டு, இது சரியில்லை என்று நீங்கள் தலையை ஆட்டியிருக்கிறீர்கள் அக்கா. செல்விதான் உங்கள் போனை எடுத்து உங்கள் மடியில் வைத்தாள்.

"நீங்க எனக்குச் சொன்னதைத்தான் நான் சொல்றேன்க்கா. அவருக்குத் தெரியாத வீட்டுக்கு அவரை வர வைக்காதீங்க."

லைன் கிடைக்க நேரமானது. சாப்பிட்டீங்களா, அங்க குளிரா என்று வழக்கம்போலத்தான் தொடங்கினீர்கள். செல்வி உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில், மார்பில் கட்டி, கெட்ட கட்டி என்று சொல்கிறார்கள் என்றீர்கள். ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துக் காற்று இரைந்தது.

"ஆஸ்பத்திரிக்கு யார்கூடப் போனே?" என்றார் அண்ணன்.

"தனியாத்தான்."

அவர் அழுததை அதுவரை நீங்கள் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னீர்கள்.

அந்த வாரமே வந்து சேர்ந்தார். அப்புறம் பணியிலிருந்தே விலகிக்கொண்டார். நோய் விடவில்லை, ஆனால் உங்களுக்கு ஓராண்டுக்கு மேல் கிடைத்தது. நான் வரும் நாளில் எல்லாம் இருவரும் ஏரிக்கரையில் நடந்து முடித்து, கொய்யா வாங்குவதில் சண்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். ஒருமுறை என் காதருகே, "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பதான் ஒண்ணா குடும்பம் நடத்தறோம்," என்றீர்கள். அந்தச் சிரிப்பில் எதையும் மறைத்த மாதிரி இல்லை.

நீங்கள் போனபின் அண்ணன் பல மாதம் யாரோடும் பேசவில்லை. இப்போது மாதம் ஒருமுறை தாம்பரத்தில் நானும் செல்வியும் கூட்டும் ராணுவக் குடும்பங்களின் சந்திப்புக்கு வருகிறார். லீவில் வந்திருக்கும் கணவர்கள் அவரைச் சுற்றித்தான் உட்கார்கிறார்கள். செல்வி வாசலில் நின்று புதிதாக வருகிற பெண்களை உள்ளே அழைத்து வருகிறாள். நீங்கள் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கற்றுக்கொண்டேன். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று, இன்னிக்கு எப்படிப் போச்சு என்று கேட்டார். நல்லாத்தான் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "அக்கா நினைப்பு வந்துடுச்சு, பஸ்ல அழுதுட்டேன்," என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.